ஜெர்மனியின் சின்ன ஊர்க் கிளப்புகளில் ஜூடோ எப்படி இத்தனை பலமானது?

கேள்வி இது. ஜெர்மனியில் சில ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊர். அங்கே ஒரு விளையாட்டுக் கிளப். கால்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ், டேபிள் டென்னிஸ், வயதானவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்பு எல்லாம் அதே கிளப்பில்தான். ஆனால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது அதன் ஜூடோ அணி மட்டும். இப்படி ஒரு கிளப் எப்படி உருவாகிறது, அத்தனை விளையாட்டு இருக்க ஏன் ஜூடோ?

சுருக்கமாகச் சொன்னால், ஜூடோவுக்காக யாரும் அந்தக் கிளப்பைத் தொடங்கவில்லை. வேறொரு காரியத்துக்காக நூறு வருஷம் முன்பே கட்டிய வீட்டில் ஜூடோ கடைசியாகக் குடிவந்தது. ஹால், மெத்தை, சட்டப் பதிவு, பணப்பெட்டி எல்லாம் அங்கே தயாராக இருந்தன. ஆள் மட்டும்தான் வரவேண்டியிருந்தது. இதை விளங்கிக்கொள்ள இரண்டு கதைகளைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும், வீட்டின் கதை, குடிவந்தவரின் கதை.

வீட்டின் கதை கிளப்பின் பெயரிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட பல கிளப்புகளின் பெயர் டி.எஸ்.வி என்று தொடங்கும். அதில் முதல் எழுத்து 'டூர்னென்'. கம்பியில் தொங்குவது, குதிரை தாண்டுவது, கயிறு ஏறுவது என்று ஜெர்மானியர்கள் வளர்த்த உடற்பயிற்சி முறை அது. இரண்டாவது எழுத்து விளையாட்டு, மூன்றாவது சங்கம். 1811இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே என்ற இடத்தில் ஃப்ரீட்ரிக் லூட்விக் யான் என்ற ஆசிரியர் திறந்தவெளிப் பயிற்சிக் களம் ஒன்றை அமைத்தார். நெப்போலியனின் படை ஜெர்மன் நாடுகளை அடக்கி வைத்திருந்த காலம். பையன்களின் உடம்பைத் தேற்றுவதில் அரசியல் நோக்கம் தெளிவாகவே இருந்தது. அரசர்களுக்கும் அது புரிந்தது. 1819இல் கார்ல் சாண்ட் என்ற மாணவர் நாடகாசிரியர் கோட்ஸபூவைக் குத்திக் கொன்றார். சாண்ட் இந்த உடற்பயிற்சிக் கூட்டத்தோடு தொடர்புள்ளவர். அவ்வளவுதான், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்யா அரசில் டூர்னெனுக்குத் தடை விழுந்தது, 1842 வரை நீடித்தது.

தடை நீங்கிய பிறகும் போலீஸ் கண் விலகவில்லை. மியூனிக்கின் 1860 கிளப் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அது உண்மையில் 1848இலேயே தொடங்கப்பட்டது. குடியரசு பேசுகிறார்கள் என்று மூடிவிட்டார்கள், 1860இல் மறுபடி ஆரம்பித்தார்கள். அதே 1860இல்தான் கோபுர்க் நகரில் முதல் அகில ஜெர்மன் உடற்பயிற்சி விழா நடந்தது. அதற்குப் பின் ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. இன்று பல சின்ன ஊர்க் கிளப்புகளின் சின்னத்தில் 1860, 1861, 1862 என்று ஆண்டு பொறித்திருப்பதற்குக் காரணம் இந்த அலைதான். அந்த ஆண்டைப் பார்த்துவிட்டு 'நூற்று அறுபது வருஷ ஜூடோ பாரம்பரியம்' என்று எழுதிவிடக்கூடாது. சின்னத்தில் உள்ள ஆண்டு வீட்டின் வயது. 1860இல் ஜூடோ என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. அதை உருவாக்கிய கானோ ஜிகோரோ பிறந்ததே அந்த ஆண்டில்தான்.

1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டம் இன்னொரு அடித்தளம். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவானதும் சங்கமே ஒரு சட்டபூர்வ நபர். சொத்து வாங்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம். ஊர்ப் பெரியவர் இறந்துபோனாலும் ஹால் அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. ஒரு கிளப் நான்கு தலைமுறை தாண்டி நிற்பதற்கு வீரர்களைவிட இந்தச் சட்டம்தான் அதிகம் உதவியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்புறம் சண்டை வந்தது. டூர்னென் ஆட்களுக்குக் கால்பந்தைக் கண்டாலே ஆகாது. அதை 'ஆங்கில நோய்' என்று திட்டிச் சிறுநூல் எழுதியவரும் உண்டு. போட்டி, சாதனை, கோப்பை எல்லாம் அற்பம், எல்லோரும் சேர்ந்து ஒழுங்காகப் பயிற்சி செய்வதுதான் உயர்வு என்பது அவர்கள் வாதம். 1920களின் தொடக்கத்தில் இரண்டு தரப்பும் தனித்தனி அமைப்புகளாகப் பிரியவேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. பல ஊர்களில் ஒரே கிளப் இரண்டாக உடைந்தது. ஆயிரம் வீடுள்ள ஊரில் இரண்டு சங்கம், இரண்டு தலைவர், ஒரே ஹால். நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1933 முதல் 1945 வரையிலான பகுதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். ஜெர்மன் கிளப்புகள் ஐம்பதாவது, நூறாவது ஆண்டு விழாவுக்கு மலர் போடும். வரலாறு தேடுபவர்களுக்கு அதுதான் முதல் ஆதாரம். பழைய மலர்களில் பெரும்பாலும் 1932க்குப் பிறகு ஒரு பத்தி வரும், 'கடினமான காலம்' என்று. அடுத்த பத்தி 1946. நடுவில் நடந்தது என்ன? தொழிலாளர் இயக்கத்தின் விளையாட்டுக் கிளப்புகளை 1933இலேயே தடைசெய்து சொத்தைப் பறித்தார்கள். யூத உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இதில் டூர்னென் தலைமை அரசு உத்தரவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, அந்த ஆண்டு ஏப்ரலிலேயே தானாக முன்வந்து செய்தது. சமீப வருஷங்களில் சில கிளப்புகள் இந்தப் பக்கங்களைத் திறந்து எழுதத் தொடங்கியிருக்கின்றன. ஒரு கிளப்பின் வரலாற்று நூல் நேர்மையானதா என்று பார்க்க நான் முதலில் புரட்டுவது இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைத்தான்.

போர் முடிந்ததும் நேச நாடுகள் பழைய விளையாட்டு அமைப்புகள் எல்லாவற்றையும் கலைத்தன. 1945 டிசம்பரில் வந்த உத்தரவுப்படி ராணுவச் சாயல் இல்லாத உள்ளூர்ச் சங்கங்களுக்கு மட்டும் அனுமதி. ஒரு வேடிக்கையான விளைவு ஏற்பட்டது. பிரிந்து கிடந்த ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம், கால்பந்துச் சங்கம், தடைசெய்யப்பட்டிருந்த தொழிலாளர் சங்கம் எல்லாம் புதிதாக அனுமதி கேட்டு நிற்கவேண்டிய நிலை வந்தபோது, பல ஊர்களில் ஒன்றாகவே சேர்ந்துகொண்டார்கள். ஊரில் இருப்பது ஒரு ஹால், திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர், தனித்தனியாக நடத்த யாருக்குத் தெம்பு இருந்தது? இன்று நாம் பார்க்கும் 'எல்லா விளையாட்டும் ஒரே கூரையில்' என்ற கிளப் பெரும்பாலும் இந்தக் காலத்தில் உருவம் பெற்றது.

சரி, இப்போது குடிவந்தவர்.

கானோ 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கக்கூடிய அறையில் கொடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஜுஜுத்ஸு என்ற பழைய ஜப்பானியச் சண்டை முறையிலிருந்து ஆபத்தானவற்றை ஒதுக்கி, முழு பலத்தோடு பயிற்சி செய்தாலும் இருவரும் எழுந்து வீட்டுக்குப் போகும்படியான ஒரு முறையை அமைத்தார். ஜெர்மனிக்கு முதலில் வந்தது ஜுஜுத்ஸுதான். 1906இல் எரிக் ரான் பெர்லினில் பள்ளி திறந்தார். 1922இல் பிராங்பர்ட்டில் ஆல்ஃப்ரெட் ரோடே தொடங்கிய கிளப்பிலிருந்துதான் ஜெர்மன் ஜூடோவின் கதையைச் சொல்வது வழக்கம். 1934இல் டிரெஸ்டனில் ஐரோப்பிய அளவில் ஒரு போட்டிகூட நடந்தது. ஆனால் இவை எல்லாம் பெருநகர விவகாரம். சின்ன ஊரின் உடற்பயிற்சி ஹாலுக்குள் ஜூடோ இன்னும் கால் வைக்கவில்லை.

போருக்குப் பின் மற்ற சண்டை விளையாட்டுகளோடு ஜூடோவும் தடைப்பட்டியலில் விழுந்தது. 1940களின் கடைசியில்தான் பிடி தளர்ந்தது. 1953இல் ஜெர்மன் ஜூடோ சம்மேளனம் பிறந்தது. சின்ன ஊர்க் கிளப்புகளில் 'ஜூடோ பிரிவு' என்று ஒன்று சேர்வது பெரும்பாலும் 1950களின் பிற்பகுதியிலிருந்து 1970களுக்குள். ஏன் அந்தச் சமயத்தில்?

முதல் காரணம் 1964. தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதல் முறையாக வந்தது, நான்கே பிரிவுகளில். எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில் நெதர்லாந்தின் அன்டோன் கேசிங்க், ஜப்பானின் கமினாகா அகியோவை ஜப்பான் ரசிகர்கள் முன்னாலேயே தரையில் அமுக்கிப் பிடித்து வென்றார். ஐரோப்பியன் ஜெயிக்கமுடியும் என்பது அன்று உறுதியானது. அதே போட்டிகளில் ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஹோஃப்மன் 80 கிலோவில் வெள்ளி, க்ளவுஸ் க்லான் எடை வரம்பில்லாத பிரிவில் வெண்கலம் வாங்கினார்கள். 1968இல் ஜூடோ இல்லை. 1972இல் திரும்பி வந்தபோது ஒலிம்பிக்கே மியூனிக்கில். பவேரியாவின் பையன்களுக்கு அது பக்கத்து ஊர்த் திருவிழா மாதிரி.

இரண்டாவது காரணம் சிமென்ட். 1960இல் 'தங்கத் திட்டம்' என்று ஒன்று அறிவித்தார்கள். நாடு முழுக்க மைதானம், நீச்சல் குளம், உள்விளையாட்டு ஹால் கட்டுவதற்கான பதினைந்தாண்டுத் திட்டம். ஊராட்சிகள் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து ஹால் கட்டின. பகலில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் கிளப். ஹாலின் மாலை நேரத்தைப் பங்கு போடும்போது மூத்த பிரிவுகள் நல்ல நேரத்தை எடுத்துக்கொள்ளும். புதிதாக வந்த ஜூடோவுக்கு மிச்சம் கிடைப்பது யாருக்கும் வேண்டாத நேரம். அதனால் அதிக இழப்பில்லை. கால்பந்துக்குப் புல்தரையும் வெளிச்சமும் வேண்டும். ஜூடோவுக்கு நாலு சுவரும் மெத்தையும் போதும், மழையும் பனியும் ஒரு பொருட்டில்லை.

மெத்தை என்றேன், அதிலும் ஒரு கதை உண்டு. ஆரம்ப காலத்தில் மரச்சட்டத்துக்குள் வைக்கோலோ மரத்தூளோ நிரப்பி மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். தூசி, கட்டி, விரல் மாட்டும் மடிப்பு எல்லாம் இலவசம். நுரை மெத்தை வந்தபிறகு வேறு பிரச்சினை. போட்டிக் களம் குறைந்தது எட்டுக்கு எட்டு மீட்டர், சுற்றிலும் மூன்று மீட்டர் பாதுகாப்புப் பரப்பு என்று வைத்தால் பதினாலுக்குப் பதினாலு. ஒன்றுக்கு இரண்டு மீட்டர் மெத்தைகள் 98 வேண்டும். சொந்த ஜூடோ ஹால் உள்ள கிளப்பில் அவை கிடந்த இடத்திலேயே கிடக்கும். பொது ஹாலில் ஒவ்வொரு முறையும் சுமந்து வந்து அடுக்கி, பயிற்சி முடிந்ததும் திரும்பச் சுமக்கவேண்டும், காலையில் பள்ளிக்கு ஹால் வேண்டுமே. ஒரு கிளப்பின் ஜூடோ பிரிவு பெரிதாகிவிட்டதா என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது: மெத்தையை நிரந்தரமாகப் போட்டுவைக்க அவர்களுக்கு ஓர் அறை கிடைத்தது எந்த ஆண்டில் என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குச் சில வருஷம் கழித்துத்தான் பதக்கங்கள் வரத் தொடங்கியிருக்கும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது, அதற்குத் திட்டமும் கிடையாது, மானியமும் கிடையாது. ஓர் ஆள். பட்டாளத்திலோ, போலீசிலோ, படிக்கப்போன நகரத்திலோ ஜூடோ கற்று ஊருக்குத் திரும்பி வந்தவர். கிளப் கூட்டத்தில் எழுந்து 'ஒரு பிரிவு தொடங்கலாமா' என்று கேட்டிருப்பார். அப்புறம் முப்பது வருஷம் வாரம் இரண்டு மூன்று மாலை ஹாலிலேயே இருந்திருப்பார். இவர்களுக்குச் சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பயிற்றுநர்கள் ஆண்டுக்கு 3,000 யூரோ வரை வரியில்லாமல் பெறலாம் என்று 2021இல் வரம்பை உயர்த்தினார்கள். அப்போதைய வரம்பு அது, சின்னக் கிளப்பில் கைக்கு வருவது பெட்ரோல் செலவுக்கு. எந்தச் சின்ன ஊரின் ஜூடோ வரலாற்றை எடுத்தாலும் நடுவில் இப்படி ஒருவர் இருப்பார். அவர் ஓய்வுபெறும்போது அவரிடம் கற்றவர்களில் இரண்டு பேராவது கையில் சாவி வாங்கியிருந்தால் பிரிவு பிழைக்கும். இல்லையென்றால் நாலைந்து வருஷத்தில் மெத்தைகளை வேறு கிளப்புக்கு விற்கிறார்கள்.

பணம் எப்படி வருகிறது? குழந்தைகளால். பெற்றோருக்கு ஜூடோ பிடிக்கும். முதல் மாதங்களில் கற்றுத்தருவது உகெமி, அதாவது அடிபடாமல் விழுவது. உருளுவதும் புரளுவதும் பழைய ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பின் நீட்சிபோலவே இருப்பதால் தாய்க் கிளப்புக்கும் அந்நியமாகப் படாது. வெள்ளை, வெள்ளை மஞ்சள், மஞ்சள், மஞ்சள் ஆரஞ்சு என்று பெல்ட்டுகளைப் பொடியாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். வண்ண பெல்ட் முறை ஐரோப்பாவில் பரவியதில் பிரான்சில் கற்பித்த ஜப்பானிய ஆசிரியர் கவாய்ஷியின் பங்கு பெரியது. சில மாதத்துக்கு ஒரு தேர்வு, ஒரு புது நிறம். எட்டு வயதுப் பிள்ளை விட்டுப்போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி கண்டுபிடிக்கவில்லை. கால்பந்தில் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இங்கே வாரா வாரம் களம் உண்டு. இந்த நூறு பிள்ளைகளின் சந்தாதான் மேலே இருக்கும் பத்துப் பெரியவர்களின் போட்டிப் பயணத்தைத் தாங்குகிறது.

பெண்கள் வந்தது தாமதம். ஜெர்மனியில் முதல் தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் 1970இல்தான். உலக சாம்பியன்ஷிப் 1980இல் நியூயார்க்கில், முழு ஒலிம்பிக் அந்தஸ்து 1992இல். அதற்கு முன்பே சின்ன ஊர் ஹால்களில் பெண்கள் பயிற்சி செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆள் குறைவாக இருக்கும் இடத்தில், சரியான எடையில் எதிரே நிற்க யாராவது வந்தால் போதும் என்ற நிலை. கொள்கையைவிட ஆள் தட்டுப்பாடு கதவைத் திறந்துவிட்டது.

பலம் என்ற வார்த்தைக்கு வருவோம். ஜெர்மனியில் ஜூடோவுக்கு அணிகள் மோதும் பண்டஸ்லீகா என்ற தேசிய லீக் உண்டு. ஆண்களில் 60 கிலோ முதல் 100 கிலோவுக்கு மேல் வரை ஏழு எடைப் பிரிவு, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று, ஆக ஒரு மோதலுக்குப் பதினான்கு சண்டை. சின்ன ஊருக்கு இதில்தான் தலைவலி. 73 கிலோவில் ஐந்து பேர் இருப்பார்கள், 100 கிலோவுக்கு மேல் ஒருவரும் இருக்கமாட்டார். (உடம்பு பெரியதாக உள்ள ஊர்க் கசாப்புக்கடைப் பையனை ஆறு மாதம் கெஞ்சிக் கூட்டிவந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன்.) எனவே மேல்மட்ட அணிகள் வெளியிலிருந்து வீரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன, வெளிநாட்டவர் உட்பட.

கீழ் பவேரியாவின் ஆபென்ஸ்பெர்க் இதற்கு நல்ல உதாரணம். ஹாப்ஸ் கொடியும் வெள்ளை அஸ்பராகஸும் விளையும் பூமி, செப்டம்பரில் கில்லமோஸ் என்ற பழைய சந்தைத் திருவிழா, ஏறத்தாழ 14,000 பேர். அந்த ஊர் டி.எஸ்.வியின் ஜூடோ அணி 1990களிலிருந்து பண்டஸ்லீகா பட்டத்தைப் பல முறை வென்றது, ஐரோப்பியக் கிளப் கோப்பையையும் தூக்கியது. 2008 பெய்ஜிங்கில் 81 கிலோவில் தங்கம் வென்ற ஓலே பிஷோஃப் அந்த அணிக்காகச் சண்டையிட்டவர். ஆனால் அவர் பிறந்தது ராய்ட்லிங்கனில், வேறு மாநிலம். 'அந்த ஊர் ஒலிம்பிக் சாம்பியனை வளர்த்தது' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானிக்கவேண்டும். ஊர் வளர்த்தது ஓர் அணியை. நட்சத்திரங்கள் சனிக்கிழமை வந்து சண்டை போட்டுவிட்டுப் போக ஒரு நம்பகமான மேடையை, அதற்கு ஹால் நிறைய ஆட்களை. அது சின்ன வேலை இல்லை. சிலர் இதை 'விலைக்கு வாங்கிய வெற்றி' என்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. கீழே பிள்ளைகள் வகுப்பு செத்திருந்தால் மேலே எத்தனை வெளியூர் ஆள் வந்தாலும் இத்தனை வருஷம் நிற்காது.

கிழக்கு ஜெர்மனியில் பாதை வேறு. அங்கே ஆலைகளோடும் போலீசோடும் ராணுவத்தோடும் இணைந்த கிளப்புகள். பெர்லினுக்குப் பக்கத்தில் குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன ஹோப்பகார்ட்டன் என்ற சின்ன இடத்தில் டைனமோ என்ற போலீஸ் கிளப்பின் ஜூடோ மையம் இருந்தது. 1980 மாஸ்கோவில் எடை வரம்பற்ற பிரிவில் தங்கம் வென்ற டீட்மர் லோரென்ஸ் அங்கிருந்து வந்தவர். சின்ன இடம்தான், ஆனால் அரசு தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து வைத்த பலம் அது. ஊர் தானாக வளர்த்த கிளப்போடு அதை ஒப்பிடுவது பொருந்தாது.

ஜூடோ பிரிவு வளர்ந்தபின் ஒரு கேள்வி தவறாமல் எழும்: தனியாகப் போய்விடலாமா? 'நம் பிள்ளைகளின் சந்தா ஏன் கால்பந்து மைதானத்து விளக்குக்குப் போகவேண்டும்' என்று வருடாந்தரக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சட்டமும் எளிது, ஏழு கையெழுத்து போதும். பிரிந்து போய் நன்றாக இருக்கும் ஜூடோ கிளப்புகள் நிறைய உண்டு. ஆனால் பிரிந்த மறுவாரமே காப்பீடு, கணக்கு, வரி அலுவலகத்துக்கான பொதுநலச் சான்று, பொருளாளர் பதவிக்கு ஆள் எல்லாம் தாங்களே பார்க்கவேண்டும். மெத்தையில் நின்று கற்பிக்கவேண்டிய மனிதர் இரவில் ரசீது ஒட்டிக்கொண்டிருப்பார். ஹால் நேரம் கேட்டு ஊராட்சிக்கு மனுப் போடப் போனால், அங்கே ஐம்பது வருஷமாக அதே மேசையில் மனுப் போட்டுவரும் பழைய தாய்க் கிளப் முன்னால் நின்றுகொண்டிருக்கும்.